காவிரியைக் கடக்கும் காவியுடை

பெங்களூரு சிவாஜிநகர் மரியன்னைப் பேராலயத்திலும் வேளாங்கண்ணியிலும் திருவிழா ஒரே நாட்களில்தான் நடைபெறுகிறது: ஆகஸ்டு 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. ஆயினும் உள்ளூர் மாதாவை விட்டுக் காவியுடுத்துக் கடற்கரை வரை நடப்போர் ஆண்டுதோறும் உளர். 2010இல் நாகையிலிருந்து வேளாங்கண்ணிக்கு ரயில் வந்த பின்னும் நடை நிற்கவில்லை. வண்டி வசதியின்மையைக் கொண்டு இதை விளக்க இயலாது.

நம் ஆய்வுகள் பெரும்பாலும் கொடிமரத்தடியிலேயே நின்றுவிடுகின்றன. எனக்கோ வழியின் கடைசி நாட்களே முக்கியமாகப் படுகின்றன. தஞ்சைக்குக் கிழக்கே நிலம் தட்டையாகிவிடும். வெண்ணாறு, வெட்டாறு, பெயர் தெரியாத வாய்க்கால்கள் எனக் காவிரியின் கிளைகளைக் கடந்தே கடலை எட்ட வேண்டும். நடப்பவர்கள் தம் நகரில் குடிப்பதும் அதே காவிரி நீரையே.

2016ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. செப்டம்பர் 20 அன்றுதான் திறந்தார்கள். ஆகவே ஆகஸ்டு இறுதியில் டெல்டாவைக் கடந்தவர்கள் பாசனநீர் வராத வயல்களின் ஊடாகவே நடந்தனர். செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் தண்ணீர் திறக்க ஆணையிட்டது. எட்டாம் தேதி பெருவிழா; மறுநாள் கர்நாடகத்தில் முழு அடைப்பு; 12ஆம் தேதி பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. போகும்போது நடந்தவர்கள் திரும்புவதற்கு நம்பியிருந்தது பேருந்தையும் ரயிலையும். இவர்களை மொழியால் பிரிப்பதும் எளிதன்று. வேளாங்கண்ணியில் கன்னடத்திலும் திருப்பலி உண்டு.

காவிரிப் பூசலின் வரலாற்றை நீதிமன்றத் தீர்ப்புகளைக் கொண்டு மட்டும் எழுதுவது போதாது என்பேன். அந்த வாரத்தில் வீடு திரும்பியோரின் வாய்மொழியைத் திரட்ட விரும்பும் மாணவர்கள் சிவாஜிநகரிலிருந்து தொடங்கலாம்.