வீட்டைக் கொடுத்த உம்மாமார்

எங்கட ராத்தாவுக்கு வீடு கட்ட காக்கா கட்டாருக்குப் போய் ஆறு வருஷம். சுவர் எழும்பி, கூரையும் போட்டாச்சு. டைல்ஸ் மட்டும் பதிக்கல்ல. டைல்ஸ் இல்லாத வீட்டைக் காட்டி மாப்பிள்ளை கேட்க உம்மாவுக்கு வெட்கம். அதனால காக்கா இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே நிற்கப்போறார். இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த மூத்தம்மா சொன்னா: "எங்கட காலத்துல ஊடு புள்ளைக்குக் கட்டின. இப்ப ஊருக்குக் கட்டுற."

மூத்தம்மா சொன்னது சரியா என்று தேடிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் எங்கட கரையில் கல்யாணம் முடிஞ்சா பெண் புகுந்த வீட்டுக்குப் போறதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். குடி தாய்வழியாக வரும். வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இதே வழக்கம்தான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்து, 2008இல் வெளியான நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மூத்த மகள் கல்யாணம் முடிச்சதும் இருக்கிற வீடு அவளுக்கு. பெற்றோர் மிச்சப் பிள்ளைகளோடு அதே வளவிலோ பக்கத்திலோ ஒரு சின்ன வீட்டுக்கு மாறுவார்கள். பிறகு அடுத்த மகளுக்காக மறுபடி கட்டத் தொடங்குவார்கள்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வாழ்நாள் உழைப்பில் கட்டின கல்வீட்டைக் கொடுத்துட்டு, கிடுகுக் கூரைக்குக் கீழே போய் இருக்கிறது லேசான விஷயமா? ஆனா அவங்க கணக்கு வேற. வீடு போனது, மகள் போகல்ல. பிள்ளைப்பேறு என்றாலும் காய்ச்சல் என்றாலும் உம்மா ஒரு வேலிக்கு அப்பால். கல்யாணம் முறிஞ்சாலும் வெளியேறுவது அவள் அல்ல.

இதைப் பொற்காலம் என்று சொல்ல வரல்ல. வீடு கட்ட வழியில்லாத குடும்பங்களில் பெண்பிள்ளைகள் காத்துக்கொண்டே இருந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் வளைகுடாப் பயணம் தொடங்கியது. வெளிநாட்டுக் காசில் வீடுகள் கொங்கிறீட்டாக மாறின, மாடி ஏறின. மகளைப் பக்கத்தில் வைத்திருக்கக் கண்ட வழி, மெல்ல மெல்ல மாப்பிள்ளைக்கு விலையாக மாறியது. வீட்டுக்காக வீட்டு ஆட்களே தூர தேசத்துக்குப் போனார்கள்.

பிறகு 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.58க்கு சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் கடல் எங்கட ஊருக்குள் வந்தது. மகளுக்கு மகள் வளவு பிரிஞ்சு, கடற்கரை வரைக்கும் வீடுகள் நெருங்கி நின்ற இடம் இது. இலங்கையிலேயே அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். 10,000 பேருக்கும் மேல். சனம் மேற்கே, மெயின் ரோட்டைத் தாண்டி வயல் பக்கம் ஓடியது. அப்போ எனக்கு ஒரு வயசு. மூத்தம்மா அலுமாரியில் இருந்த நகையை விட்டுட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினா. அகதி முகாமாகிய பாடசாலையில் தறி முதலாளியும் தறி நெய்தவரும் ஒரே சஹனில் சாப்பிட்டதாக அவ சொல்வா. அந்த நாட்களில் யாரும் யாரிடமும் "என்ன மிஞ்சின?" என்று கேட்கல்லையாம். "யாரு மிஞ்சின?" என்றுதான் கேட்டார்களாம்.

அந்தக் கேள்வி நெடுநாள் நிலைக்கல்ல. அரசாங்கம் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டத் தடை போட்டது. தெற்கில் அது 100 மீற்றர். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியோடு 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்ற தகராறு உயர் நீதிமன்றம் வரை போக, பல வருஷங்கள் அவை பூட்டியே கிடந்தன. வீடு இருந்தது, உள்ளே மனுசர் இல்லை. மற்ற திட்டங்களிலும் ஒரு சிக்கல் வந்தது. பெண்ணின் பெயரில் வீடு இருப்பது எங்கட வழக்கம். நிவாரண வீடோ பெரும்பாலும் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரில் வந்தது. கொடுத்தவர்கள் வீட்டை எண்ணினார்களே தவிர, அந்த வீடு யாரை யாரோடு சேர்த்து வைத்தது என்று பார்க்கல்ல.

நாமும் இப்போ அதைத்தான் செய்றோமோ என்று பயமா இருக்கு. கடல் ஒரு காலையில் வெறும் அத்திவாரமாக்கிவிட்டுப் போன ஊரில், தரைக்கு என்ன டைல்ஸ் என்று பார்த்துத்தான் பெண்ணுக்கு மதிப்பு. உம்மாமார் சின்ன வீட்டுக்கு மாறினது பிள்ளை பக்கத்தில் இருக்கணும் என்று. நாங்க பெரிய வீடு கட்டுறோம், பிள்ளை ஆறு வருஷமாகப் பக்கத்தில் இல்லை.

"டைல்ஸ் வேணாம், காக்காவக் கூப்பிடுங்க" என்று உம்மாவிடம் சொல்லிட்டேன். உம்மா இன்னும் பதில் சொல்லல்ல. ராத்தாதான் சொன்னா, சீமெந்துத் தரையும் தரைதானே என்று.