ஆத்துல கரைச்ச சாயம் கண்ணுக்கு வந்த கதை

சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கும் வீடுகளில் இந்த டெஸ்ட் தெரிந்திருக்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைப்பார்கள். கையில் ஊசி போட்டு ஆரஞ்சும் மஞ்சளும் கலந்தாற்போல ஒரு மருந்தை ஏற்றுவார்கள். கேமரா முன்னாடி தாடையை வைக்கச் சொல்லி பளிச் பளிச்சென்று நீல வெளிச்சம் அடிப்பார்கள். அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துக்குத் தோல் மஞ்சளா இருக்கும், சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகும். முன்கூட்டியே சொல்லி வைக்கலேன்னா மஞ்சக்காமாலைன்னு பயந்துடுவாங்க :) ஃபண்டஸ் ஃப்ளோரசின் ஆஞ்சியோகிராம், சுருக்கமா எஃப்.எஃப்.ஏ.

கண்ணுக்குள்ள ரத்தம் எங்கே ஓடுது, எங்கே அடைச்சிருக்கு, எங்கே கசியுதுன்னு காட்டுற டெஸ்ட் இது. இதை மனுஷனுக்குச் செய்யும்படி உருவாக்கியது பெரிய கண் நிபுணர்கள் யாரும் இல்லை, படிச்சுக்கிட்டிருந்த ரெண்டு மெடிக்கல் காலேஜ் பசங்க. அவங்க எழுதின கட்டுரையை ஒரு பிரபல கண் மருத்துவப் பத்திரிகை திருப்பி அனுப்பிடுச்சு. அந்தக் கதைதான் இன்னிக்கு.

முதல்ல சாயம். 1871-ல் ஜெர்மனியில் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற வேதியியல்காரர் ஃப்ளோரசினைத் தயாரித்தார் (பிற்பாடு 1905-ல் நோபல் வாங்கியவர்). இதோட விசேஷம், நீல வெளிச்சத்தைக் குடிச்சுட்டு மஞ்சள் கலந்த பச்சையா வெளிச்சத்தைத் துப்பும். துளியூண்டு இருந்தாலே போதும், நல்லாத் தெரியும்.

இதை வச்சு முதலில் பார்த்த பெரிய வேலை ஒரு ஆத்துலதான்! தெற்கு ஜெர்மனியில் டான்யூப் நதியின் தண்ணி ஒரு இடத்தில் தரைக்குள்ளே இறங்கிக் காணாமப் போயிடும். அந்தத் தண்ணிதான் சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஃக் ஊற்றில் வருதா, இல்லையான்னு சண்டை. 1877-ல் க்னோப் என்கிற பேராசிரியர் 10 கிலோ ஃப்ளோரசின் உப்பை அந்த இடத்தில் கரைச்சு விட்டார். சுமார் 60 மணி நேரம் கழிச்சு ஆஃக் ஊற்றுத் தண்ணி பச்சைப் பசேல்னு வந்துச்சு. கேஸ் முடிஞ்சது. இந்தப் படத்தை மனசுல வச்சுக்குங்க மக்களே, 82 வருஷம் கழிச்சு நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். ஆத்துக்குப் பதில் ரத்தக்குழாய், அவ்வளவுதான். நடுவில் 1882-லேயே பால் எர்லிக், கண்ணுக்குள்ளே நீர் எப்படி ஊறுதுன்னு பார்க்க விலங்குகளுக்கு இதே சாயத்தை ஏற்றிப் பார்த்துட்டார்.

அடுத்தது கேமரா. உடம்பை வெட்டாம, கிழிக்காம ரத்தக்குழாயை நேராப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கருவி செஞ்சு அதை எட்டிப் பார்க்க வழி பண்ணினார். 1886-ல் ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் உயிருள்ள ஆளின் விழித்திரையை ஃபோட்டோ எடுத்தார்கள். அதுக்கு இரண்டரை நிமிஷம் கண்ணை அசைக்காம இருக்கணும்! படமும் என்னத்தையோ பூசி வச்ச மாதிரிதான் வந்துச்சு. 1926-ல் ஜைஸ் கம்பெனி ஒழுங்கான கேமராவைக் கடைக்குக் கொண்டுவந்தது.

ஆனா எவ்வளவு நல்ல கேமராவா இருந்தாலும் அந்தப் படம் ரோடு மேப் மாதிரிதான். ரோடு தெரியும், வண்டி ஓடுதா, ட்ராஃபிக் ஜாமா, எதுவும் தெரியாது. சர்க்கரை வியாதியில் விழித்திரை வீங்கியிருந்தா வீக்கம் தெரியும், தண்ணி எந்தக் குழாயிலிருந்து கசியுதுன்னு தெரியாது.

இப்போ இண்டியானாபோலிஸ். இண்டியானா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, 1950-களின் கடைசி. ஜான் ஹிக்கம் அங்கே பொது மருத்துவப் பேராசிரியர். விழித்திரை ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு ஃபோட்டோ மூலமா அளக்கப் பார்த்துக்கிட்டிருந்தார். அவர் லேபில் வேலை பார்த்த மாணவர்கள்தான் ஹெரால்ட் நோவாட்னியும் டேவிட் ஆல்விஸும். சாயத்தை ரத்தத்தில் கலந்து விட்டு, அது விழித்திரைக்கு வர்றதைப் படம் பிடிச்சா என்னன்னு யோசனை.

சொல்றது சுலபம். கண்ணுக்குள்ளே வெளிச்சம் அடிச்சா அதில் ஒரு பங்கு அப்படியே திரும்பி வரும். சாயம் விடுற பச்சை அதுக்கு முன்னாடி சூரியனுக்கு முன்னாடி மின்மினி மாதிரி. ரெண்டு பேரும் அவசரப்பட்டு ஊசியைத் தூக்கலை, முதல்ல அளந்தாங்க. ரத்தத்தில் கலந்த ஃப்ளோரசின் 490 நானோமீட்டர் பக்கத்தில் இருக்கும் நீலத்தை நல்லா உறிஞ்சுது, 520 பக்கத்தில் பச்சையைத் திருப்பி விடுது. நடுவில் இடைவெளி வெறும் 30! அந்தச் சின்னச் சந்துக்குள்ளே புகுந்து வெளியே வந்ததுதான் இவங்களோட சாமர்த்தியம். விளக்குக்கு முன்னாடி நீலத்தை மட்டும் விடுற ஃபில்டர். ஃபிலிமுக்கு முன்னாடி நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடுற ஃபில்டர். திரும்பி வர்ற நீலம் ரெண்டாவது கதவில் நின்னுடும், சாயத்தின் பச்சை மட்டும் ஃபிலிமுக்குப் போகும். கோடாக் கம்பெனி ஃபில்டர்களே இதுக்குப் போதுமானதா இருந்துச்சு. இன்னிக்கும் இந்தக் கேமராக்களில் ஓடுறது இதே ரெண்டு ஃபில்டர் தத்துவம்தான்.

யாருக்கு ஊசி? காசு சுண்டிப் பார்த்தாங்களாம். ஆல்விஸ் தோத்தார். 1959-ல் அவர் கையில் சாயத்தை ஏத்தி, நோவாட்னி படம் எடுத்தார். இருட்டுப் பின்னணியில் ரத்தக்குழாய்கள் வெள்ளை வெளேர்னு கிளை விரிச்சு நின்னுச்சு.

கையில் போட்ட சாயம் கண்ணுக்கு வர 10-லிருந்து 15 செகண்ட் ஆகும். முதலில் பின்படலம் மினுங்கும், அப்புறம் தமனிகள், நுண்குழாய்கள், கடைசியா சிரைகள். சிரையில் சாயம் முதலில் ரெண்டு ஓரத்திலும் கோடு போட்டு வரும், நடு அப்புறம்தான் நிறையும். நல்லா இருக்கிற விழித்திரைக் குழாய் இந்தச் சாயத்தை வெளியே விடவே விடாது. ஆகவே குழாய்க்கு வெளியே வெள்ளைத் திட்டு பரவிச்சுன்னா அது கசிவு. நிரம்பாம கறுப்பா நின்னா அங்கே ஓட்டமில்லை. நோயாளியைக் கேட்காமலே படம் சொல்லிடும்.

கட்டுரை எழுதி அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆஃப்தல்மாலஜிக்கு அனுப்பினாங்க. இது புதுசு இல்லை, ஏற்கெனவே செஞ்சதுன்னு திரும்பி வந்துடுச்சு. அவங்க பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 1959-ல் ஃப்ளாக்ஸ் குழுவினர் விழித்திரை ஓட்டத்தை சாயம் விட்டு சினிமா எடுத்திருந்தாங்க, ஆனா பூனைகளில். 1960-ல் மக்லீனும் மௌமனீயும் மனுஷனுக்கே சாயம் ஏத்திப் பார்த்தாங்க, ஆனா கண்ணால் பார்த்ததோட சரி. மனுஷன் கண்ணில், ஃபில்டர் கணக்குப் போட்டு, வரிசையா ஃபிலிமில் பதிவு பண்ணி, யார் வேணா திரும்பச் செய்யலாம் என்ற அளவுக்குக் கொண்டுவந்தது இந்த ரெண்டு பேரும்தான். என்னைக் கேட்டா, சாயம் பழசுங்கிறதால முறையும் பழசுன்னு முடிவு கட்டிட்டாங்க. கட்டுரை கடைசியில் 1961 ஜூலையில் இதய நோய்ப் பத்திரிகையான 'சர்குலேஷன்'-ல் வந்துச்சு. ரத்த ஓட்டக் கட்டுரைக்கு அதுவும் பொருத்தமான வீடுதான் :)

கண் டாக்டர்கள் ரொம்ப நாள் சும்மா இருக்கலை. மயாமியில் டொனால்ட் காஸ் 1960-களில் இதை வச்சு நோய் நோயாப் பிரிச்சு எழுதினார், 1970-ல் அவரது அட்லஸ் வந்தது. அதே சமயத்தில் ஆர்கான் லேசரும் வந்து சேர்ந்துச்சு. எங்கே சுடணும்னு படம் காட்டும், லேசர் சுடும். சர்க்கரை வியாதி விழித்திரை வீக்கத்துக்கு இப்படிச் செஞ்சா பார்வை இழப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையுதுன்னு 1985-ல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று சொல்லிச்சு. அங்கே எந்த இடத்தில் சுடணும்னு வழிகாட்டினது இந்தச் சாயப் படம்தான். கடந்த சில வருஷங்களில் அந்த வீக்கத்துக்கு கண்ணுக்குள்ளே போடும் ஊசி மருந்துகள் முன்னுக்கு வந்துட்டது தனிக் கதை.

சாயத்துக்கு விலையும் உண்டு. குமட்டல் சகஜம். ஒவ்வாமை வந்தா ஆபத்து. 1986-ல் யன்னூசி குழு எடுத்த கணக்கில் சுமார் 2,22,000 பேருக்கு ஒரு மரணம். ஆகவே சாயமே இல்லாமப் பார்க்க முடியுமான்னு தேடினாங்க. 1991-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஓ.சி.டி. வந்துச்சு. அகச்சிவப்பு ஒளியை வச்சு விழித்திரையை அடுக்கடுக்கா ஸ்கேன் பண்ற முறை. முதல் ஆசிரியர் டேவிட் ஹுவாங், அப்போ அவரும் படிச்சுக்கிட்டிருந்த மாணவர்! 2012-ல் ஓரெகனில் யாலி ஜியாவும் அதே ஹுவாங்கும் சேர்ந்து அடுத்தடுத்த ஸ்கேன்களுக்கு நடுவில் எது மாறுதுன்னு பார்த்து ஓட்டத்தைப் பிரிச்சுக் காட்டினாங்க. திசு அசையாது, ரத்த அணு நகரும், அந்த வித்தியாசம்தான் படம். ஊசி வேண்டாம், சில செகண்டில் முடிஞ்சிடும்.

அப்போ சாயம் ரிட்டயர்டான்னா, இல்லை. ஓ.சி.டி. ஆஞ்சியோவுக்கு அசையறது மட்டும்தான் தெரியும். குழாயை விட்டு மெதுவாக் கசிஞ்சு தேங்கி நிற்கிறது அதுக்குத் தெரியாது. குழாயிலிருந்து எங்கே கசியுதுன்னு பார்க்கணும்னா இன்னிக்கும் கையில் ஊசி, ரெண்டு ஃபில்டர், நீல வெளிச்சம்.