சேர்வராயன் சாலை – 14: சுண்ணாம்பு தடவிய கலயம்

குப்பனூர் மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் காபித்தூள் வாங்கினேன். விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'எல்லா வரிகளும் உட்பட' என்றிருந்தது. சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக வருகிறவர்கள் ஏற்காட்டுக்கு மலையேறத் தொடங்குவது இங்கிருந்துதான். அந்தப் பொடி எழுத்துக்கும் இந்தச் சேலம் மாவட்டம்தான் பூர்வீகம். அதற்கு விதை போட்டது ஒரு கட்சியின் சபதம்.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தது. பிரதமர் ராஜாஜி, அன்று மாகாண முதல்வரின் பதவிப் பெயர் அதுதான். சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கி, மதுவிலக்குக்கென்றே கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தியவர். ஆட்சி கைக்கு வந்த மூன்றாம் மாதம், அக்டோபர் 1-ல், மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது இந்த மாவட்டத்துக்குள் அடக்கம்.

கள்ளுக்கடை ஏலம் நின்றது. மரமேறியின் கதி? பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால், வடிகிற சாறு புளிக்காது, அது பதநீர். தடவாமல் விட்டால் வெயிலேறுவதற்குள் நுரைத்துவிடும், அது கள். ஒரே மரம், ஒரே பாளை. விரலில் எடுக்கிற சுண்ணாம்புதான் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் நின்றது. பதநீர் இறக்க அனுமதி தந்தார்கள். அதைக் காய்ச்சி வெல்லமாக்கச் சொன்னார்கள். கள்ளுக்குக் கிடைத்த ரொக்கம் வெல்லத்துக்குக் கிடைக்குமா என்பது மரமேறி வீட்டுக் கவலை.

கோட்டையின் கவலை வேறு. மாகாண வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கலாலிலிருந்து வந்துகொண்டிருந்தது. சேலத்தைத் தொடர்ந்து சித்தூர், கடப்பா, வடஆற்காடு என்று மதுவிலக்கு விரிய விரிய, கஜானாவில் ஓட்டையும் பெரிதானது. அதை அடைக்க வந்ததுதான் 1939-ம் வருடத்துச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இன்ன சரக்கு என்றில்லாமல் பொதுவாக விற்பனை மீது விழுந்த இந்தியாவின் முதல் வரி அது. ஆண்டு விற்றுமுதல் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டாத சின்னக் கடைகளை விட்டுவிட்டார்கள். வியாபாரிகள் கொதித்தார்கள், கணக்குப் புத்தகத்தை அதிகாரியிடம் விரித்துக் காட்ட வேண்டியிருந்தது வரியைவிடப் பெரிய எரிச்சல்.

குடிக்கிறவன் தந்த பணத்தைச் சாமான் வாங்குகிறவர்கள் எல்லோரும் தரலானார்கள். மாற்றத்தின் சாரம் இவ்வளவுதான்.

அதே ஆண்டு அக்டோபரில், மக்களைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செய்தது. பின்னால் வந்த கவர்னர் ஆட்சி, போர் நடக்கும்போதே மதுவிலக்கை நிறுத்திவைத்தது. வரியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. வங்காளமும் பஞ்சாபும் 1941-ல் இதே வழிக்கு வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு மாநிலங்களின் தலையாய வருமானமே விற்பனை வரி என்றானது.

மதுவிலக்கின் கதையோ திறந்து மூடும் கதவு. 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் தி.மு.க. ஆட்சி தளர்த்தியது, 1974-ல் மறுபடி மூடியது. 1981-ல் அ.தி.மு.க. ஆட்சி திறந்தது, 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-ல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. கட்சிக்குக் கட்சி கொள்கை மாறியது. ஆனால் கலாலுக்கு மாற்றாக வந்த வரியை எந்தக் கட்சியும் திருப்பித் தரவில்லை. 2007-ல் அது 'வாட்' ஆனது, 2017-ல் ஜி.எஸ்.டி.க்குள் கலந்தது. இன்று இரண்டு வருமானமும் ஒரே கஜானாவில் சேர்கின்றன.

காபித்தூளைப் பையில் போட்டுக்கொண்டேன். மலை மேலே விளைகிற அந்தக் கொட்டைக்கும் ஒரு கதை உண்டு. விளைவித்தவனே தன் சரக்கை இஷ்டப்படி விற்க முடியாமல், மொத்தத்தையும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கொட்டிவிட்டுத் தவணைப் பணத்துக்குக் காத்திருந்த காலத்தின் கதை அது.

(அடுத்த வாரம்: மூட்டை என்னுடையது, விலை யாருடையது?)