கடவுச்சொல்லைக் காத்தவர்கள்

அலுவலகக் கணக்கு ஒன்று களவு போனால் முதல் பழி ஊழியர் தலையில்தான் விழுகிறது. எளிய பாஸ்வேர்ட் வைத்தார், வந்த இணைப்பையெல்லாம் அழுத்தினார் என்பார்கள். உள்நுழைவின் அறுபதாண்டு வரலாறு இந்தப் பழியைப் பாதிகூட ஏற்பதில்லை. பெரிய சேதங்கள் பலவும் ரகசியத்தை வாங்கி வைத்துக்கொண்டவர்களின் பக்கத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தக்கூடிய சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒருவர் கோப்பில் மற்றவர் கைவைக்காதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது. ஆனால் அத்தனையும் ஒரே கோப்பில், மறைப்பின்றிக் கிடந்தன. 1966இல் நிர்வாகிகள் இருவர், ஒருவர் அந்தக் கோப்பையும் மற்றவர் அன்றைய அறிவிப்பையும், ஒரே நேரத்தில் திருத்தினார்கள். எடிட்டர் நிரல் இருவரின் வேலைக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால் இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவரின் முனையத்திலும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொல்லும் அச்சாகி வந்தது. பயனர் ஒருவர்கூடத் தவறு செய்திருக்கவில்லை.

பயனர்களைக் குறை சொல்வோரிடமும் வலுவான சான்று உண்டு. 1979இல் கணினி ஆய்வாளர்கள் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டிப் பார்த்தபோது, 86 சதவீதம் மிகக் குட்டையாகவோ அகராதிச் சொல்லாகவோ இருந்தன. உண்மைதான், மனிதர்கள் நினைவில் நிற்பதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் அவ்விருவரும் அறிவுரையோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் தற்செயலான 12 பிட் சேர்த்து, திரும்பப் பிரிக்க முடியாதபடி, வேண்டுமென்றே மெதுவாக மறையாக்கம் செய்யும் முறையை விளக்கினார்கள். அதாவது, பாதி வேலையைக் காப்பவரின் தலையில் வைத்தார்கள். பின்வந்த அலுவலகங்களோ சுமையை ஊழியரிடமே திருப்பின: பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, சில மாதங்களுக்கு ஒருமுறை கட்டாய மாற்றம். மக்கள் பழைய சொல்லின் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிச் சமாளித்தார்கள். களவு போனதற்கான தடயம் இருந்தாலொழிய மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் சொல்ல 2017 ஆயிற்று.

இதற்கிடையே காவல் ஓரிடத்தில் குவியத் தொடங்கியிருந்தது. எம்.ஐ.டி.யின் அதீனா திட்டத்தில் பிறந்த கெர்பரோஸ், கடவுச்சொல்லை வலையில் அனுப்பாமல், காலவரையறை உள்ள ஒரு சீட்டைக் காட்டி நுழைய வழி செய்தது. விண்டோஸ் 2000உடன் வந்த, கணக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி அதை அலுவலகங்களுக்குள் கொண்டுசென்றது. பிறகு கிளவுட் வந்தது; அடையாளம் காட்டும் ஒரே நிறுவனத்தின் கையொப்பத்துக்கு மின்னஞ்சல், கோப்புகள், சம்பளக் கணக்கு எல்லாம் திறக்கின்றன. சிறிய நிறுவனம் தன் சர்வரைத் தானே காப்பதைவிட இது மேல் என்று வாதிடுவார்கள். நானும் அதை ஏற்கிறேன். ஊழியர் விலகினால் ஓரிடத்தில் மூடினால் போதும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் எல்லோருக்கும் கட்டாயமாக்கலாம். 2021இல் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனுக்குள் திருடர்கள் புகுந்தது, அந்தச் சரிபார்ப்பு இல்லாத, தொலைவிலிருந்து நுழைவதற்கான பழைய வி.பி.என். கணக்கு ஒன்றின் வழியாகத்தான்.

ஆனால் காவல் குவியுமிடத்தில் பொறுப்பும் குவிய வேண்டும். 2023இல், சீனாவிலிருந்து இயங்குவதாக மைக்ரோசாஃப்ட் சொன்ன ஒரு குழு, அந்நிறுவனம் 2016இல் உருவாக்கிய கையொப்பச் சாவி ஒன்றைக் கொண்டு போலி டோக்கன்களை, அதாவது நுழைவுச் சீட்டுகளைத் தயாரித்தது. தனிநபர் கணக்குகளுக்கான அந்தச் சாவியை நிறுவன மின்னஞ்சலும் ஏற்றது. 22 அமைப்புகளின் அஞ்சல்பெட்டிகள் திறந்தன. அங்கே யாருடைய கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்திருந்தாலும் பயனில்லை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் குறுக்கே வரவில்லை. இந்தத் திருட்டை முதலில் கவனித்தது சாவியின் சொந்தக்காரர் அல்ல. வாடிக்கையாளரான அமெரிக்க வெளியுறவுத் துறை. கூடுதல் கட்டணத்தில் கிடைத்த விரிவான பதிவேடுகள் அத்துறையிடம் இருந்ததால்தான் அது முடிந்தது. அந்தப் பதிவேடுகளைக் கூடுதல் கட்டணமின்றி மற்ற வாடிக்கையாளர்களுக்கும் தர மைக்ரோசாஃப்ட் முன்வந்தது இந்தத் திருட்டு வெளியான பிறகுதான்.