டயர் கம்பெனி ஏன் புத்தகம் போட்டது?

கோட் எழுதுற எனக்கு ‘கன்டென்ட் மார்க்கெட்டிங்’ புது வார்த்தை. விஷயம் பழசு. 1895-ல அமெரிக்காவுல ஏர் செய்த டீர் கம்பெனி, ‘தி ஃபர்ரோ’ன்னு விவசாயிகளுக்குப் பத்திரிகை ஆரம்பிச்சது. 1900-ல பிரான்ஸ்ல மிஷெலின் டயர் கம்பெனி கார் ஓட்டுறவங்களுக்கு இலவச கையேடு கொடுத்தது: டயர் மாத்துற முறை, மெக்கானிக், ஹோட்டல் விவரம். ஊர் சுத்தினா டயர் தேயும், புதுசு வாங்குவாங்க!

இப்போ நம்ம பண்பொழிக்கு வருவோம். செக்குல எண்ணெய் ஆட்டுறவர், நல்ல எண்ணெயைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு கட்டுரை எழுதுறார்னு வைங்க. ‘செக்கு எண்ணெய்’னு மக்கள் தேடுற சொல், கீவேர்டு. எழுதினவர் பேரு, பைலைன். கடைசியில ‘வாங்கணும்னா கூப்பிடுங்க’ன்னு போடுறது, கால் டு ஆக்‌ஷன். காசு கொடுத்து செய்தி மாதிரி போட்டா அட்வர்டோரியல்; அதுல ‘விளம்பரம்’னு போட்டே ஆகணும். மிஷெலின் தன் பேரை மறைக்கல. யார் பேசுறாங்கன்னு தெரிஞ்சாத்தான் படிக்கிறவங்க நம்புவாங்க.