புயல், வெள்ளக் காலத்தில் வளர்ப்பு விலங்குகள்: சாத்தான்குளம் வட்டாரம்

சாத்தான்குளம், தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், தேரிக்காடு எனப்படும் செம்மணல் மேடுகளை ஒட்டி அமைந்த வட்டம். 1986-இல் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலியோடு இருந்தது. பனையும் உடைமரமும் மண்டிய வறட்சி நிலம். ஆடும் கோழியும் பல வீடுகளில் அவசரத்துக்கு விற்கும் கைமுதல். தண்ணீர்ப் பஞ்சத்தையே பேசிப் பழகிய இவ்வூர், வெள்ளத்தில் விலங்குகளைக் காப்பது பற்றி யோசிக்கத் தொடங்கியது மிக அண்மையில்தான்.

வங்கக்கடல் புயல்களை இலங்கை ஓரளவு மறித்துக்கொள்வதால் மன்னார் வளைகுடாக் கரையை நேரே தாக்குபவை குறைவு. 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் தனுஷ்கோடியை அழித்த புயல் வடக்கே ஒதுங்கியது. 1992 நவம்பர் 13 அன்று ஒரு புயல் தூத்துக்குடி அருகே கரையேறியது. அந்த மழையில் தாமிரபரணி பெருகிக் கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. 2017-இல் ஒக்கிப் புயலின் கொடுமை குமரி மாவட்டத்துக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததோ புயல் மழையே அல்ல. குமரிக்கடல் மேல் நின்ற வளிமண்டலச் சுழற்சியின் விளைவு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. பதிவாயிற்று. ஆகவே இவ்வட்டாரத்தில் கால்நடைக்கு எமன் காற்றன்று, உடைப்பெடுக்கும் குளமே.

விலங்கின் இனமும் குணமும் அறிந்தே காப்பு முறை அமையவேண்டும். தென்மாவட்ட வெள்ளாடுகளில் பெயர்பெற்றவை இரண்டு. கன்னி ஆடு கறுப்பு உடலில் முகத்திலும் வயிற்றிலும் வெள்ளைக்கோடு கொண்டால் பால்கன்னி. செம்பழுப்புக்கோடு கொண்டால் செங்கன்னி. கொடி ஆடு நெட்டையானது. வெள்ளை உடலில் கருந்தெறிப்பு உள்ளது கரும்போரை, செந்தெறிப்பு உள்ளது செம்போரை. செம்மறிகளில் வெள்ளையில் செம்புள்ளி விழுந்த வேம்பூர் ஆடும், கருஞ்சிவப்பான கீழக்கரிசலும் தூத்துக்குடிச் சீமைக்கு உரியவை. வெள்ளாடு தூறலுக்கே ஒதுங்கும், மேடு கண்டால் தானே ஏறும். செம்மறிக்கு அந்தச் சமர்த்து இல்லை; முன்னே போவது ஓடைக்குள் இறங்கினால் மந்தை முழுவதும் பின்னாலேயே இறங்கிவிடும். எனவே முன்னாட்டைப் பிடித்து மேட்டுக்கு நடத்தினால் கிடையே காப்பாற்றப்பட்டது போலத்தான்.

மழைக்கு முன் செய்யவேண்டியவற்றுள் தலையாயது கயிறு. தொழுவத்தில் மாட்டை இழுத்தால் அவிழும் உருவு முடிச்சில் கட்டவேண்டும். நனைந்த கயிறு இறுகிவிடும். இருட்டில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு விரலால் அதை அவிழ்க்க இயலாது. அதற்காகவே இறவாணத்தில் ஓர் அரிவாள் செருகியிருப்பது நல்லது. அவிழ்த்துவிட்டால் ஆடு மாடு தொலைந்துபோகும் என்று சிலர் கட்டியே வைப்பார்கள். அது பொருட்படுத்தத்தக்க வாதம் அன்று: தொலைந்தது திரும்பும், கட்டுத்தறியில் மூழ்கியது திரும்பாது. காவல் நாயின் சங்கிலிக்கும் இதே விதி. பஞ்சாரத்தில் கவிழ்த்த கோழி, தண்ணீர் ஏறினால் அதற்குள்ளேயே முடிந்துவிடும். பரண்மேல் ஏற்றிவிடுவதே முறை. பூனையைக் காற்றுப் போகும் கூடையில் அடைத்துக் கையோடு கொண்டுபோகலாம்.

வயலில் கிடை போட்டிருப்பவர்கள் வானம் கறுத்ததும் படலைப் பிடுங்கிக்கொண்டு தேரிக்கு ஏறுவதே உத்தமம். செம்மணல் நீரை உடனே உறிஞ்சும், தேங்கவிடாது. குளத்தங்கரையும் மேடுதான், ஆனால் உடைவதும் அதுவே.

வெள்ளம் வடிந்தபின் வரும் சாவும் உண்டு. பட்டினி கிடந்த ஆடு மழைக்குத் துளிர்த்த இளம்புல்லை வயிறுமுட்ட மேய்ந்தால் துள்ளுமாரி நோய் தாக்கும். அதற்கான தடுப்பூசியை மழைக்காலத்துக்கு முன்பே போட்டிருக்கவேண்டும். கொசுவினும் சிறிய கடிபூச்சிகள் பெருகிச் செம்மறிக்கு நீலநாக்கு நோயைப் பரப்பும். தேங்கிய நீரில் புரண்ட நாய்க்கு எலிக்காய்ச்சல் வரலாம், அதனிடமிருந்து மனிதருக்கும் தொற்றலாம். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலைக் கொடுக்கலாகாது. இறந்த உடல்களைக் கிணற்றுக்கும் குளத்துக்கும் தொலைவில், ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். தேரி மணலில் புதைப்பது தவறு, கசிவு நிலத்தடி நீரில் கலக்கும்.

2023 வெள்ளத்துக்குப் பின் அரசு அறிவித்த நிவாரணம் மாட்டுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000. கோழிக்கு ரூ.100. நாயும் பூனையும் கணக்கில் வரவில்லை. வருமானம் தராத விலங்குகள் என்று அரசு கருதியது போலும். அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா புயலின்போது, நாயை விட்டுவரமாட்டோம் என்று பலர் வீட்டைவிட்டு நகர மறுத்தார்கள். மறு ஆண்டே மீட்புத் திட்டங்களில் செல்லப் பிராணிகளையும் சேர்க்கச் சட்டம் வந்தது. இங்கே கால்நடைக்கு இழப்பீடு கோருவோர் புதைக்கும்முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று பெறுவது அவசியம்.

தற்போது அவசரச் சிகிச்சைக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.