பெயரை விலையாகக் கொடுத்த புலமைப்பரிசில்

ரொறொன்ரோவில் வசிக்கும் என் தம்பியின் மகள் சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். இரண்டாம் ஆண்டு மாணவி. கோடை விடுமுறை நான்கு மாதமும் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்யக் கனடா அரசின் ஆராய்ச்சிச் சபை அவளுக்குப் பணம் கொடுக்கிறதாம். அந்த மகிழ்ச்சிச் செய்தியின் கீழே ஒரு கேள்வி: "பெரியப்பா, உங்கட காலத்தில யாழ்ப்பாணம் கம்பஸில இப்பிடி ஏதும் இருந்ததோ?"

இல்லை என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டேன். எழுதிய பிறகு மனம் கேட்கவில்லை. என் காலத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்தில் எக்காலத்திலும் இல்லை என்று சொல்ல முடியுமா?

இளங்கலை மாணவர்களைப் பணம் கொடுத்து ஆராய்ச்சியில் இறக்கும் வழக்கம் அமெரிக்காவிலேயே அப்படியொன்றும் பழையதல்ல. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் அதை ஒரு திட்டமாக ஆரம்பித்தது 1969 இல். அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனம் நாடு முழுவதற்குமான மானியத் திட்டமொன்றைத் தொடங்கியது 1987 இல். எங்களுக்கோ கோடை விடுமுறை என்ற ஒன்றே கிடையாது. யாழ்ப்பாணத்துக் கோடை என்றால் சோளகக் காற்றும் புழுதியும்தான். ஆயினும் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே, அமெரிக்கப் பணத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கிரகணம் கணித்தார்கள், சொல் திரட்டினார்கள், அட்சரகணிதம் எழுதினார்கள். அது நடந்த இடம் வட்டுக்கோட்டை.

அமெரிக்க மிஷனரிகள் 1816 இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் ஆரம்பித்ததைச் செமினரி என்கிறோம். அவர்கள் மனத்தில் இருந்ததோ ஒரு கல்லூரி. தமிழ் இளைஞர்களுக்கு ஆங்கிலம், தமிழ், சம்ஸ்கிருதம், கணிதம், வானியல் எல்லாம் கற்பிக்கும் உயர்கல்லூரிக்கான திட்டத்தை அச்சிட்டு அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பணம் கேட்டனர். ஆங்கிலேய அரசு அதற்குக் கல்லூரிச் சாசனம் தர மறுத்தது. அமெரிக்கர் மீது அந்த அரசுக்கு நம்பிக்கை இருக்கவில்லை. 1820 இல் மிஷனுக்கென வந்திறங்கிய கரெற் என்ற அச்சுத் தொழிலாளியையே தீவை விட்டு வெளியேறும்படி ஆளுநர் பார்ன்ஸ் உத்தரவிட்டிருந்தார். பத்திரிகைக்காரனாகிய எனக்கு இந்தச் சம்பவம் எப்போதும் சுவையானது. பாதிரிமார் இருக்கலாம், அச்சடிப்பவன் இருக்கக்கூடாது! ஆனால் அதே அரசின் நீதிபதியான சேர் றிச்சர்ட் ஒட்லி செமினரிக்கு ஆதரவளித்தார். அவர் பெயரால் எழுந்த ஒட்லி மண்டபம் வட்டுக்கோட்டையின் அடையாளங்களில் ஒன்றாயிற்று.

மாணவர்களின் செலவை யார் கொடுத்தார்கள்? நியூ இங்கிலாந்துக் கிராமங்களின் தேவாலயச் சபைகளும் மாதர் சங்கங்களும் தனிக் குடும்பங்களும். ஒரு பிள்ளையின் உணவு, உடை, படிப்புக்கு ஆண்டுதோறும் குறித்த தொகையை அனுப்பினால் அப்பிள்ளைக்குப் பெயர் சூட்டும் உரிமை கொடையாளருக்குக் கிடைக்கும். இறந்துபோன தம் குழந்தையின் பெயரை, ஊர்ப் போதகரின் பெயரை, மதிப்புக்குரிய பெரியவர் ஒருவரின் பெயரை அவர்கள் அனுப்பினார்கள். கனகசபைப்பிள்ளை எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை ஆனார். மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்த ஜெரமையா எவாட்ஸின் பெயர் அது. சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனார். 1841 ஜனவரியில் யாழ்ப்பாணத்தின் முதல் தமிழ்ப் பத்திரிகையான உதயதாரகையைத் தொடங்கி நடத்திய ஆசிரியர்கள் இருவரும் இச்செமினரியின் பிள்ளைகள். எங்கள் தொழிலின் அந்த இரு மூதாதையரின் பெயர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேசன். அவர்களைப் பெற்றவர்கள் வைத்த பெயரில் அவர்களை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இதை ஒரு கொடுமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. பணம் கொடுத்தவர்களுக்கு மதமாற்றமே நோக்கம், அதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. ஆனால் வட்டுக்கோட்டையில் அந்தப் பணம் செய்த வேலை வேறு.

1829 மார்ச் 20 ஆம் திகதி சந்திர கிரகணம். அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கம் கணிப்பதில் பேர்போன குடும்பத்தின் வாரிசு. அவர் குறித்திருந்த நேரத்துக்கும் செமினரி அதிபர் டானியல் பூவரின் கணிப்புக்கும் இடையில் வேறுபாடு இருந்தது. பூவர் அதை முன்கூட்டியே ஊரறிய எடுத்துச் சொன்னார். அன்றிரவு பூவரின் கணிப்பே பொருந்தியது. பஞ்சாங்கத்தின் செல்வாக்கை உடைத்தால் அதனோடு சேர்ந்து வேறும் பல உடையும் என்பது அவர் எண்ணம். அப்படி எதுவும் பெரிதாக உடைந்துவிடவில்லை. ஆனால் ஒரு கூற்றை வானத்தைப் பார்த்துச் சரிபிழை காணலாம் என்பதைச் செமினரிப் பையன்கள் கண்ணால் கண்டார்கள்.

அதைவிட எனக்குச் சுவையாகப் படுவது பின்னர் நடந்தது. பூவருக்குப் பின் அதிபராக வந்த ஹொய்சிங்டன், எதிராளியின் நூலை ஒதுக்காமல் அதைப் படிக்க உட்கார்ந்தார். 'உள்ளமுடையான்' என்ற தமிழ்ச் சோதிட, வானியல் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கக் குறிப்புகளுடன் 1848 இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். தொடர்ந்து சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். இவற்றையெல்லாம் அவர் தனியாளாகச் செய்திருக்க முடியாது என்பது என் ஊகம். ஏட்டை வாசித்துப் பொருள் சொன்னவர்களும் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களும் அருகே இருந்திருப்பார்கள். நூலின் முகப்பில் நாம் காண்பது ஹொய்சிங்டனின் பெயரை.

அகராதியின் கதையும் இதுதான். ஜோசப் நைற் என்ற ஆங்கிலேய மிஷனரி யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சொல்திரட்டு, பல கைகள் மாறி, மைரன் வின்சிலோவின் பெயரில் 1862 இல் சென்னையில் வெளிவந்தது. 67,000 க்கு மேற்பட்ட சொற்கள். இன்றும் மேசையில் வைத்துப் பார்க்கிறோம். அதன் தலைப்புப் பக்கத்தில் வின்சிலோவின் பெயருக்குக் கீழே, தகுதிவாய்ந்த உள்நாட்டு அறிஞர்களின் துணையுடன் ஆக்கப்பட்டதாக ஒரு வரி இருக்கிறது. அவர்கள் யார் என்று அந்தப் பக்கம் சொல்வதில்லை. செமினரியில் பிறர் பெயரைச் சுமந்தார்கள். இங்கே எந்தப் பெயரும் இல்லாமல் நின்றார்கள்.

பெயரோடு நின்றவர்களும் உண்டு. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தமிழில் தர்க்க நூல் எழுதினார். கறோல் விசுவநாதபிள்ளை 1855 இல் 'வீசகணிதம்' எழுதினார். அட்சரகணிதத்தை முழுமையாகத் தமிழில் சொல்ல முடியுமா என்று இன்று விவாதிப்பவர்கள் அந்த ஆண்டை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம்.

அதே 1855 இல்தான் செமினரியும் மூடப்பட்டது. பொஸ்ரனிலிருந்து மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். போதகர்களை உருவாக்கக் கொடுத்த பணத்தில் ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. மிஷனின் கல்வி தாய்மொழியில், கிராமங்களில் இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை. தமக்கென்ற கணக்கில் அவர் சொன்னது பிழையல்ல. தாய்மொழிக் கல்வி என்ற அவருடைய வாதத்தில் எனக்கு ஒரு பாதி உடன்பாடுகூட உண்டு. ஆனால் அந்த வாதத்தின் பேரில் மூடப்பட்டது, தாய்மொழியில் தர்க்கமும் கணிதமும் எழுதிக்கொண்டிருந்த ஓரிடம். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த ஒரு சங்கம் முடிவெடுத்தது. 32 ஆண்டு வேலை நின்றது. (செமினரியின் கடைசிக் காலத்து அதிபர்களில் ஒருவரான சைரஸ் மில்ஸ் பின்னர் கலிபோர்னியா போய் மனைவி சூசனுடன் சேர்ந்து பெண்களுக்கென நடத்திய பள்ளிதான் மில்ஸ் கல்லூரி ஆயிற்று. வட்டுக்கோட்டை அனுபவம் அங்கே போய்ப் பயன்பட்டிருக்கிறது.)

கதவு மூடியபின் கறோல் விசுவநாதபிள்ளையும், செமினரியின் பழைய மாணவரான சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னையில் பரீட்சைக்குத் தோற்றினார்கள். 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இந்த இருவருமே. தாமோதரம்பிள்ளை பத்திரிகை ஆசிரியராக, ஆசிரியராக, கணக்குப் பகுதி அதிகாரியாக, பின் நீதிபதியாகச் சம்பாதித்துக்கொண்டே ஏடு தேடி அலைந்தார். 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் பதிப்பித்தார். 1881 இல் வீரசோழியம், 1883 இல் இறையனார் அகப்பொருள், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை. ஏடு எடுத்தால் ஓரம் ஒடியும், கட்டு அவிழ்த்தால் இதழ் முறியும் நிலையில் இருந்தவற்றை ஒப்பிட்டு அச்சேற்றிய ஆராய்ச்சி அது. உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று அண்டர்சன் குறைப்பட்டாரல்லவா? அந்த உத்தியோகச் சம்பளமே இந்த ஆராய்ச்சிக்கு மானியமாக இருந்தது. நியூ இங்கிலாந்தின் அந்த மாதர் சங்கங்களுக்குத் தங்கள் காசு தொல்காப்பியத்தில் போய் முடிந்த சங்கதி தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்களா என்பதும் ஐயமே.

வட்டுக்கோட்டையில் அதே இடத்தில் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இம்முறை பழைய மாணவர்களே முன்னின்று கேட்டார்கள். 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது கலைப்பீடம் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் அமர, விஞ்ஞானப்பீடம் முதலில் இயங்கியது வட்டுக்கோட்டையில். 1823 இல் கேட்டு மறுக்கப்பட்ட உயர்கல்வி அரசின் கையாலேயே அந்த நிலத்துக்கு வந்து சேர 151 ஆண்டுகள் ஆயின.

வளாகம் வருவதற்கு முன் 1970 இல் கந்தரோடையை அகழ்ந்தது பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு. பணமும் வெளியே, ஆய்வேடுகளும் வெளியே. ஆனைக்கோட்டையில் 1980 இல் பெருங்கற்கால ஈமத் தடயங்கள் தலைகாட்டியபோது இறங்கியது பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை அங்கே கிடைத்தது. அடுத்த ஆண்டு யூன் 1 ஆம் திகதிக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது, 97,000 நூல்களுடன். ஆனைக்கோட்டை மண்ணை மறுபடி அகழ 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தது தொண்ணூறுகளின் முற்பகுதியில். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்க விலை. நாளிதழே பாடசாலைக் கொப்பித் தாளில் அச்சான காலம். கலைமாணி இறுதி ஆண்டு ஆய்வேட்டுக்கு நான் எடுத்த பொருள் பழைய யாழ்ப்பாணப் பத்திரிகைகள். சைக்கிளில் வட்டுக்கோட்டைக்குப் போய், கல்லூரியின் டானியல் பூவர் ஞாபகார்த்த நூலகத்தில் பகல் வெளிச்சம் இருக்கும்வரை உதயதாரகையிலிருந்து கையால் பிரதி எடுப்பேன். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் அதைச் செம்மை பண்ணுவேன். அம்மா தன் பங்கு மண்ணெண்ணெயில் ஒரு பகுதியை என் விளக்குக்கு ஊற்றித் தந்தார். எனக்குக் கிடைத்த ஆராய்ச்சி மானியம் அதுதான். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். என் கைப்பிரதி 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாக நடந்தபோது, எடுத்துவர மறந்த பொருட்களுள் ஒன்று.

இவ்வளவையும் எழுதிப் பிள்ளைக்கு இரண்டாவது பதில் அனுப்பினேன். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டிருந்தேன்: நீ செய்யும் வேலை கட்டுரையாக வெளிவந்தால் அதில் உன் பெயர் இருக்குமா, எந்தப் பெயர் இருக்கும்?

அடுத்த நாள் பதில் வந்தது. "பேராசிரியரிட்டக் கேட்டனான் பெரியப்பா. நாலாவது பெயராப் போடுவினமாம். அப்பாட பெயரையும் சேர்த்து முழுசா எழுதச் சொல்லியிருக்கிறன். எழுத்துக்கூட்டல்தான் அவருக்குக் கஷ்டமா இருக்காம்."